முகத்தில் இறங்கிய முத்து

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்பதில் இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. பள்ளியை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் கிடங்கில் பெட்டிகளின் மேல் சுண்ணக்கட்டியால் போட்ட எண்கள்தான். போதாததற்கு இப்போது விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன. நகக்கண்கள் வீங்கி வலிக்கின்றன. பேனாவை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு எழுதுகிறேன். பிழைகள் என்னுடையவை. கோணல் மட்டும் மாத்திரையால் வந்தது.

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் நான் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாளெல்லாம் யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய வேலை, அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால்கூட மனைவிக்குப் பின்னால்தான் போவேன்.

மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவில்லை. எங்கள் பிளாட்டின் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரல் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே விலாவுக்குள் ஊசி விட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அது பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருந்தது. அந்தத் தண்ணீரில் புற்றுநோய் இருந்தது. நுரையீரலில் தொடங்கி எலும்புக்கும் போய்விட்டது, நாலாவது கட்டம் என்று டாக்டர் சொன்னார். அவர் மலாய்க்காரப் பெண், சின்ன வயது. மெதுவாகப் பேசுவார்.

சிகரெட் பிடிப்பீர்களா என்று எல்லாரும் கேட்டார்கள். நான் பிடித்ததே இல்லை. ஊசி போட்டவர், ஸ்கேன் எடுத்தவர், சக்கர நாற்காலி தள்ளியவர் எல்லாருக்கும் இதையே சொன்னேன். யாரும் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் மட்டும் நம்பினார். சிகரெட் பிடிக்காதவர்களுக்கு வருகிற வகை ஒன்று இருக்கிறது, சதையைச் சோதித்துப் பார்த்ததில் உங்களுடையது அந்த வகை, அதற்கு ஒரு மாத்திரை உண்டு என்றார். வெறும் வயிற்றில் தினம் ஒன்று. முழுதாகக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம்.

அன்றைக்குத்தான் அந்த எண்ணையும் சொன்னார். சி.இ.ஏ. என்று ஒன்று. கட்டி ரத்தத்துக்குள் விடுகிற ஒரு சாமான். மற்றவர்களுக்கு ஐந்துக்குள் இருக்கும். எனக்கு நானூறுக்கும் மேலே இருந்தது. மருந்து பிடித்தால் அது இறங்கும், இறங்கினால் நல்ல அடையாளம், ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று விளக்கினார். கடைசியில் சொன்னது என் காதில் ஏறவில்லை. ஐந்து எங்கே, நானூறு எங்கே என்றுதான் மனம் ஓடியது. எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை. கிள்ளானுக்குத் திரும்புகிற ரயிலில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மாத்திரையை முதன்முதலாக வாங்கப் போனபோது ஆஸ்பத்திரி நடையில் போட்டிருந்த பெஞ்சில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பூச்சோங்கிலிருந்து வருகிறவர், முன்பு பஸ் ஓட்டியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் என் நோய்தான், என் மாத்திரைதான்.

"தம்பி, நம்பர் எத்தனை?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சும்மா சொல்லுலா. பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், வெக்கப்படுறதுக்கு?"

சொன்னேன். அவர் உதட்டைக் குவித்து ஓசையில்லாமல் விசிலடித்தார்.

"என்னுது ஆரம்பத்துல எழுநூறு. இப்ப இருபதுக்கு வந்திருச்சு. பள்ளிக்கூடத்துல என் கணக்கு மார்க்கு இப்படித்தான் இறங்கும், எங்கப்பா பெல்ட்டைக் கழட்டுவாரு. இப்ப இறங்கினா எல்லாரும் கை குடுக்குறாங்க!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவிகூடச் சிரித்தாள். வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பூச்சோங் அண்ணன் என்றே அவருக்குப் பெயர் வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து என் உயிர் அந்த எண்ணில்தான் தொங்குகிறது என்று நினைக்க ஆரம்பித்தேன். அவருக்கு இறங்கியது போல எனக்கும் இறங்க வேண்டும் என்று சாமி மேடை முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இருமல் அடங்கியது. படி ஏற முடிந்தது. பயம் கொஞ்சம் தள்ளி நின்றது. பிறகு முகத்தில் ஆரம்பித்தது. முதலில் மூக்கின் இரண்டு ஓரங்களிலும், அப்புறம் கன்னம், நெற்றி, நெஞ்சு. சிவந்து தடித்து, நுனியில் வெள்ளையாகச் சீழ் வைத்து, மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது. மருந்து கொடுக்கிற கவுண்டரில் தோல், நகம், வயிற்றுப்போக்கு என்று என்னவோ சொல்லியிருந்தார்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து வேகமாகப் பேசினார்கள். பின்னால் வரிசை நின்றது. நான் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

அந்த வாரம் கேரி தீவிலிருந்து என் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். அங்கே செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தாய் மாதிரி. ஒரு பையில் நண்டும் இன்னொரு பையில் முருங்கைக்கீரையும் கொண்டு வந்தாள். கதவைத் திறந்த என் முகத்தைப் பார்த்ததும் பைகளை வாசலிலேயே வைத்தாள். செருப்பைத் தள்ளிக் கழற்றினாள். கை கூப்பினாள்.

"என்னக்கா?"

"பேசாதே. ஆத்தா வந்திருக்கா."

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "மாத்திரைச் சூடுன்னு நெனச்சேன் அண்ணி."

"சூடு இப்படியா இருக்கும்? நல்லாப் பாரு, முத்து முத்தா. லயத்துல எத்தன பேருக்குப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு வீடு அவள் கைக்குப் போனது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நின்ற வேப்பமரத்திலிருந்து கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து கதவில் செருகினாள். நண்டு எதிர்வீட்டுக்குப் போனது. தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, யாரும் தலைவாரக் கூடாது. எனக்குத் தனிப்பாய், அதன்மேல் வேப்பிலை. மாத்திரைப் பெட்டியை எடுத்துச் சாமி மேடையில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"ஆத்தா இருக்கிற உடம்புல மருந்து இறங்கக் கூடாது. அவ கோவிச்சுக்கிட்டா கண்ணைப் பறிச்சுக்கிட்டுப் போயிருவா. தண்ணி ஊத்தி அனுப்பி வச்சதும் எடுத்துக்கலாம்."

"டாக்டர் ஒரு நாளும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்களே அண்ணி."

"டாக்டருக்கு இதெல்லாம் தெரியுமா? இவன் உடம்புல இருக்கிற பெரிய நோயை எடுத்துக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கா. அவளத் தடுக்காதே."

பிறந்ததிலிருந்து என்னை டேய் என்றும் பயலே என்றும் கூப்பிட்டவள், அன்று முதல் 'தாயே' என்றாள். இளநீரை நீட்டி, "குடிம்மா, குளிர்ந்து போம்மா" என்று என்னிடம் கெஞ்சினாள். எனக்கு உடம்பு கூசியது. நான் நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன். அவளைப் போலவே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவன் நான். புற்றுநோயை நான் என் கண்ணால் பார்த்ததில்லை, படத்தில் காட்டினார்கள். ஆத்தா என் முகத்திலேயே இருந்தாள், கையால் தொட முடிந்தது. பெரிய நோயை எடுத்துக்கொண்டு போவாள் என்று அக்கா சொன்னதைத்தான் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நினைத்தேன். அதை நினைக்காதபோதெல்லாம் மேடையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு போன் செய்யலாம். எண் இருந்தது. யார் எடுப்பார்கள், என்னவென்று சொல்வது, மலாயில் அம்மைக்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்தே நேரம் போய்விடும்.

சாதாரணமாக மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பிவிடுவார்கள். முத்து காயத் தொடங்கினால்தான் முதல் தண்ணீர். என் முகத்தில் பழையது காய்வதற்குள் புதிது கிளம்பியது. "இன்னும் இருக்கணும்னு நெனக்கிறா" என்று அக்கா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் முகம் கொஞ்சம் அடங்க ஆரம்பித்தது. அக்காவுக்குச் சந்தோஷம். அதே சமயம் எனக்கு இருமல் திரும்பி வந்தது. முதலில் விடியற்காலையில் மட்டும். தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமினேன்.

"ஏங்க, திரும்ப வந்திருச்சா?" என்று மனைவி பாய்க்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். ஆட்டும்போதே இருமினேன்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. ஆத்தா இருக்கும்போது வாசல் தாண்டக் கூடாது என்று அக்கா குறுக்கே நின்றாள். என் மனைவி அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று என் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணி, நீங்க ஆத்தாளப் பாத்துக்குங்க. நான் இவரப் பாத்துக்கிறேன்."

ரயிலில் முகக்கவசம் போட்டு, மேலே துண்டைச் சுற்றியிருந்தேன். அப்படியும் பக்கத்தில் இருந்த பையன் எழுந்து வேறு பெட்டிக்குப் போனான். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு நடையில் உட்கார்ந்தோம். பூச்சோங் அண்ணன் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். என் துண்டை அவரே விலக்கிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! உனக்கும் பூத்திருச்சா? எனக்கு முதல் மாசம் இதைவிட மோசம். இந்த வயசுல பருவா, யாரு அந்தப் பொண்ணுன்னு என் வீட்டுக்காரி கேட்டுட்டா!"

"இது மாத்திரையாலயாண்ணே?" என்றேன். அந்த நடையில் நானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"பின்ன? வெளிய பூத்தா உள்ள வேலை நடக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பூக்கலன்னாதான் நான் பயந்திருப்பேன்." என் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். "ஆனா உன்னுது காஞ்ச மாதிரி இருக்கேப்பா. ஒழுங்கா முழுங்குறியா?"

மனைவி என் கையைப் பிடித்தாள். எங்கள் முறை வருகிறவரை அவர் வேறு என்னென்னவோ பேசினார். ஒன்றும் காதில் விழவில்லை. என்னைக் கொல்லப் போகிற பெரிய தப்பு நடந்துவிட்டது, அது நடந்து முடிந்துவிட்டது, இனி யாரும் அதை மாற்ற முடியாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "பாகுஸ்" என்று சிரித்தார். நல்லது என்று அர்த்தம். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ரத்தத்தில் எண் இறங்கவில்லை. முதல் தடவையைவிட ஏறியிருந்தது. தோலில் மருந்து பிடித்திருக்கிறது, எண் மட்டும் ஏன் ஏறியது என்று புரியாமல் பேனாவால் மேசையைத் தட்டினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது நான்தான்.

மனைவி சொன்னாள். சந்தையில் பேசிப் பழகிய பாசார் மலாயில், மாத்திரை சாமி மேடையில் இருக்கிறது என்றாள். ஏன் என்று டாக்டர் கேட்டார். முகத்தில் இருப்பது எங்கள் சாமி என்றாள். வேப்பிலை, தண்ணீர், கண்ணைப் பறிப்பது எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"பார்க்க அம்மை மாதிரிதான் இருக்கும். நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் நிஜமாகவே அம்மையாக இருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். இந்தக் கொப்புளம் வருகிறவர்களுக்கு மருந்து பெரும்பாலும் நன்றாகக் கேட்கும், எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது, எரிச்சலுக்குத் தனியாகக் களிம்பு தருகிறேன், இன்றைக்கே மாத்திரையைத் தொடங்குங்கள் என்றார்.

"டாக்டர், நேரம் போய்விட்டதா?" என்று மலாயில் கேட்டேன்.

"தெரியாது" என்றார். "அடுத்த மாதம் பார்ப்போம்."

பொய்யாகவாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம் என்று அப்போது அவர்மேல் வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் துண்டைக்கூட எடுக்காமல் சாமி மேடைக்குப் போய்ப் பெட்டியை எடுத்தேன். அக்கா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்மா தாயே, வேணாம்."

"அக்கா, நான் தாய் இல்ல. உன் தம்பி. இது மாத்திரையால வந்ததாம். மாத்திரை இல்லாம நான் செத்துப் போயிருவேன்க்கா."

சாவு என்கிற வார்த்தையை நோய் வந்த பிறகு நான் வாயால் சொன்னது அப்போதுதான். அக்கா கையை விட்டாள். தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளைத் தாண்டிக்கொண்டு விழுங்கவும் எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள்.

"அப்பவும் அவளச் சும்மா அனுப்ப முடியாது. வெந்நி வைலா" என்று என் மனைவியிடம் சொன்னாள்.

மூன்று தண்ணீரையும் ஒரே சாயங்காலத்தில் ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். குளியலறையில் முக்காலியில் என்னை உட்காரவைத்து முதல் தண்ணீர், துவட்டி ஒரு சூடம், பிறகு இரண்டாவது, ஒரு சூடம், பிறகு மூன்றாவது. வெடித்த தோலில் மஞ்சள் தண்ணீர் பட்டுக் கண்ணில் நீர் வந்தது. "அவசரம்னு அவளுக்குத் தெரியாதா, புரிஞ்சுக்குவா" என்று அக்கா சொல்லிக்கொண்டே ஊற்றினாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. தலை துவட்டியதும் ஒரு தம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து அவள் கையாலேயே கொடுத்தாள்.

"முழுங்குடா பயலே" என்றாள்.

அடுத்த மாதம் எண் இறங்கியது. அதற்கடுத்த மாதம் இன்னும் இறங்கியது. இருமல் மறுபடி அடங்கியது. முகம் முன்னைவிட மோசமாகப் பூத்தது, நகங்களும் வெடித்தன. எரியும்போதெல்லாம் உள்ளே வேலை நடக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். டாக்டர் எச்சரித்தபடியே இருந்தார். இந்த மருந்து எல்லாருக்கும் ஒருநாள் கேட்காமல் போகும், சிலருக்குச் சில மாதம், சிலருக்குச் சில வருடம், அப்போது வேறு மருந்து பார்க்கலாம் என்பார்.

பூச்சோங் அண்ணனைக் கொஞ்ச காலமாக நடையில் காணவில்லை. வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம். ஒரு நாள் அவர் மனைவி மட்டும் கவுண்டரில் ஏதோ கடிதம் வாங்க வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அழுதார். நோய் மூளைக்கு ஏறிவிட்டதாம், போன மாதம் காரியமும் முடிந்துவிட்டதாம்.

"அவரு நம்பர் கடைசி வரைக்கும் ஏறலப்பா" என்றார் அண்ணனின் மனைவி. "அதுல அவருக்கு ஒரே பெருமை."

எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று டாக்டர் முதல் நாள் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. இறங்கி என்ன பயன்? எண் ஏறினால் பயம், இறங்கினால் பூச்சோங் அண்ணன் நினைவு. ரத்தம் கொடுத்ததிலிருந்து முடிவு வருகிறவரை சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். என் கன்னத்தைத் தடவி, "முகம் பளிச்சுன்னு ஆயிருச்சுடா, கல்யாணத்துக்கு நின்ன மாதிரி இருக்க" என்று சிரித்தாள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் மூக்கோரம், நெற்றி, மோவாய்க்கட்டை என்று ஒவ்வோர் இடமாகத் தேடினேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. நாளானால் தோல் பழகி அடங்கிவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். இருந்தும் மறுபடி முதலிலிருந்து தேடினேன்.

இன்று காலை முடிவு சொன்னார்கள். எண் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒரு தடவை ஏறியதில் ஒன்றும் சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். நாளை மறுநாள் ஸ்கேன். ஒரு நாளும் நான் மாத்திரையைத் தவறவிடவில்லை, இந்தத் தடவை காட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை. பல மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டதை, வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

எழுதுகிறபோது பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். இத்தனை நாளில் அவளிடம் அதை நான் சொன்னதே இல்லை. அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கும்தாங்க" என்றாள். "எப்பச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கிள்ளான்,
ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.